ஆக்சிமீட்டர் 95 காட்டினால் போதுமா?

2021இல் கோவிட் நோயாளிகள் வீட்டிலேயே தனிமையில் இருந்தபோது, ஆக்சிஜன் அளவு 95க்குக் கீழே போனால் உதவி நாடும்படி மலேசிய சுகாதார அமைச்சு அறிவுறுத்தியது. அதை அளக்க அன்று வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இன்றும் பல வீடுகளில் கிடக்கிறது. ஹுத்தான் மெலிந்தாங் தோட்டப்புறத்தில் ஒருவருக்கு நள்ளிரவில் மூச்சு வாங்கினால், தெலுக் இந்தான் மருத்துவமனைக்குக் கிளம்புவதா, விடியும்வரை பொறுப்பதா என்பதை அந்தச் சிறு திரையின் எண்ணே முடிவுசெய்துவிடக்கூடும். கறுத்த தோலில் அந்த எண் உண்மையைவிடக் கூடுதலாக இருக்கலாம். ஆகவே அதை மட்டும் நம்பி வீட்டில் இருந்துவிடக் கூடாது.

கருவி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலினூடே பாய்ச்சி, ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கணக்கிடுகிறது. தோலிலுள்ள மெலனினும் ஒளியை உறிஞ்சுவதால் கணக்கு பிசகுகிறது. மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில், கறுப்பின நோயாளிகளின் அளவீடுகளில் 11.7 விழுக்காட்டில் உண்மை அளவு 88க்கும் கீழே இருந்தது. வெள்ளையரிடம் அது 3.6 விழுக்காடுதான். அமெரிக்கக் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஒளியை மறிப்பது மெலனின். அது நம் தோலிலும் இருக்கிறது. 2022இல் வந்த இன்னோர் ஆய்வு ஆசிய நோயாளிகளிடமும் இந்த மிகையைக் கண்டது.

அப்படியானால் கருவியைத் தூக்கி எறியலாமா? வேண்டாம். உடல் நன்றாக இருக்கும் நாள்களிலேயே அளந்து, உங்கள் வழக்கமான எண்ணை ஒரு குறிப்பேட்டில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நகப்பூச்சோ அடர்ந்த மருதாணியோ இல்லாத விரலைத் தேர்ந்தெடுங்கள். கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்குங்கள். ஐந்து நிமிடம் அமர்ந்து ஓய்வெடுத்தபின் மாட்டி, எண் நிலைக்கும்வரை கையை அசைக்காதீர்கள். நோயின்போது வழக்கமான எண்ணிலிருந்து மூன்று, நான்கு குறைந்தாலே மருத்துவரை அணுகுங்கள். திரை 95 காட்டுகிறதே என்று தாமதிக்காதீர்கள். ஆக்சிஜன் குறையக் குறையக் கருவியின் பிசகும் கூடக்கூடும். திரையில் சிறிதாகத் தெரியும் இறக்கம் உடலில் பெரிதாக இருக்கலாம்.

எண்ணோடு உடலையும் பாருங்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள்; பெரியவர்களுக்கு ஓய்வில் 12 முதல் 20 வரை இயல்பு. நம் தோலில் நீலம் பாய்வது எளிதில் தெரியாது என்பதால் நாக்கு, ஈறு, உதட்டின் உட்புறம் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு வாக்கியத்தை மூச்சுவிடாமல் முடிக்க முடியாவிட்டாலோ, நினைவு தடுமாறினாலோ, எண் எதுவானாலும் 999ஐ அழையுங்கள்.

இப்படிச் சொன்னால் தேவையில்லாமல் மருத்துவமனையில் கூட்டம் சேரும் என்ற கவலை நியாயமானதே. ஆனால் வீணாகப் போன பயணத்தில் இழப்பது ஓர் இரவுத் தூக்கம். பிந்திப் போனால் இழப்பது உயிராக இருக்கலாம். போகும்போது குறிப்பேட்டையும் கருவியையும் எடுத்துச் செல்லுங்கள். மூச்சுத் திணறல் இருந்தும் எண் நன்றாகவே காட்டினால், தமனி ரத்தத்தை எடுத்து ஆக்சிஜனை அளக்கும் சோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.