சிறார் வினாவும் கற்றார் கடனும்

கல்லூரியில் நாம் கலைகளைத் தனித்தனி அறைகளிற் கற்கின்றோம். தாவர நூல் ஓர் அறையில்; சரித்திரம் மற்றோர் அறையில்; இரசாயனம் வேறொரு கட்டடத்தில். இப்பகுப்புக் கற்பிப்போர் வசதிக்காக அமைந்தது. சிறார்க்கோ இத்தகைய பகுப்பில்லை. அவர்தம் கையில் ஒரு பொருள் உளது, 'இஃது யாது? எங்கிருந்து வந்தது? ஏன் இவ்வாறு இருக்கின்றது?' என வினவுகின்றனர். அவ்வினாக்களுக்கு விடை ஒரு பாடத்துள் அடங்குவதில்லை.

விடுமுறையில் ஊர் செல்லும் மாணாக்கரைத் தம்பியரும் தங்கையரும் சூழ்ந்துகொண்டு கேட்பன இத்தகைய வினாக்களே. 'சும்மா இரு' என்னும் சொல்லை நான்கு முறை கேட்ட குழந்தை ஐந்தாம் முறை வினவுவதில்லை. பின்னர் எத்தனை நூல்களை வாங்கிக் கொடுப்பினும் அவ்வேட்கை எளிதில் மீள்வதன்று. ஆகலின், அவர்க்கு விடையிறுக்கும் முறையை, விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பொருள்கள் மூன்றனைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

1. மல்லாட்டை

வேர்க்கடலை என்பது புத்தகச் சொல். கெடார் முதலிய இப்பக்கத்து ஊர்களில் மக்கள் நாவில் வழங்குவது மல்லாட்டை என்பதே. மணிலாக்கொட்டை என்பது மருவி இவ்வாறாயிற்று. மணிலாவோ பிலிப்பைன் தீவுகளின் தலைநகர். ஆயின் இச்செடி பிறந்த நாடு அதுவுமன்று. தென் அமெரிக்காவே இதன் தாயகம். 1565 முதல் 1815 வரை ஸ்பானியர் கப்பல்கள் அமெரிக்கக் கரைக்கும் மணிலாவுக்கும் இடையே பசிபிக் பெருங்கடலைக் கடந்து வாணிகம் செய்தன. அக்கடல் வழியின் நினைவு நம் ஊர்ச் சந்தையில் வழங்கும் ஒரு சொல்லில் இன்றும் தங்கியிருக்கின்றது. இவ்வளவும் மொழி நூலும் பூகோளமும் சரித்திரமும் கூடிக் கூறும் விடை.

'மண்ணைத் தோண்டி எடுக்கின்றோமே, இது வேரிற் காய்ப்பதா?' என்பது அடுத்த வினா. அன்று. மஞ்சள் நிறப் பூ நிலத்தின்மேல் இலைகளுக்கிடையே பூக்கின்றது. பூ வாடிய பின், அதன் அடியிலிருந்து ஊசி போன்ற காம்பு ஒன்று நீண்டு, கீழ்நோக்கி வளர்ந்து, மண்ணுட் புகுகின்றது. இதனை உழவர் விழுது என்பர். மண்ணுள் இருளிற் சென்ற பின்னரே அதன் நுனி காயாகப் பருக்கின்றது. மண்ணை எட்டாத விழுது காயாவதில்லை. உழவர் செடிக்கு மண் அணைப்பதன் காரணமும் இதுவே.

வேரில் இருப்பது காய் அன்று, சிறு முடிச்சுகள். ஒரு முடிச்சை நகத்தாற் கிள்ளினால் உள்ளே செந்நிறம் தோன்றும். அதனுள் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்குகின்றன. நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜனே. எனினும் அதனை நேரே உண்ணும் ஆற்றல் நெல்லுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. மல்லாட்டையும் அவரையும் துவரையும் ஒரே குடும்பத்தன ஆதலின் அவையனைத்தும் இந்நட்பால் வாழ்வன. திண்டிவனத்து எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி, அவ்வூர்ப் பெயரின் சுருக்கமான டி.எம்.வி. என்னும் எழுத்துகளைத் தாங்கிய மணிலா இரகங்கள் பல உள என்பதையும் குழந்தைக்குக் கூறலாம். தன் ஊரின் அருகே பிறந்த அறிவு இது என உணர்தல் அதற்கு ஊக்கமாம்.

2. உப்பு

சோற்றில் இடும் உப்பு எங்கிருந்து வந்தது? மாவட்டத்தின் கீழைக் கரையிலுள்ள மரக்காணத்து உப்பளங்களைக் காட்டுக. பாத்திகளில் உவர்நீரைப் பாய்ச்சுகின்றனர், வெயிலும் காற்றும் நீரைக் கொண்டுபோகின்றன, உப்பு எஞ்சுகின்றது. இறுதியில் நிற்கும் கசப்பு நீரை வடித்துவிடுவர். மக்னீசியம் கலந்த உப்புகள் அதில் மிகுதியாக இருத்தலே காரணம்.

இங்கே கணக்குப் பாடம் தானே வந்து சேர்கின்றது. ஒரு லிட்டர் கடல் நீரிற் கரைந்துள்ள உப்புகள் யாவும் சேர்ந்து ஏறக்குறைய 36 கிராம்; அவற்றுள் சோற்றுப்பு ஏறக்குறைய 28 கிராம். அங்ஙனமாயின் ஒரு கிலோ உப்புக்கு எத்தனை லிட்டர் நீர் வேண்டும்? குழந்தையே வகுத்துப் பார்க்கட்டும். 36 லிட்டர் அளவில் விடை வரும். கடல் நீர் உவர்ப்பாயிருக்க, அதிலிருந்து எழுந்த மேகம் பொழியும் மழை ஏன் உவர்ப்பதில்லை என்னும் வினாவுக்கும் இதுவே விடை: நீர் எழுந்தது, உப்பு எழவில்லை. ஒரு தட்டில் உப்புநீரை வெயிலில் வைத்தால் இவ்வுண்மையை வீட்டு முற்றத்திலேயே காணலாம்.

3. கல்லான மரம்

வானூர் வட்டத்துத் திருவக்கரையில் அடிமரங்கள் பல கல்லாய்க் கிடக்கின்றன. சோனராத் என்னும் ஐரோப்பிய இயற்கை நூலார் 1781இல் இவற்றைப்பற்றி எழுதினார். இந்திய நிலவியல் ஆய்வகம் அவ்விடத்தைத் தேசியச் சின்னமாகக் காத்து வருகின்றது. 'மரம் கல்லாகுமா?' என்று குழந்தை நகைக்கும். பண்டை வெள்ளத்தில் அடித்து வரப்பெற்று மணலுட் புதைந்த மரங்கள் இவை. வேரும் கிளையுமின்றிக் கிடத்தல் அதற்குச் சான்று. காற்றுப் புகாமையால் அவை விரைந்து மட்கவில்லை. நிலத்தடி நீரிற் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணறைகளிற் சிறிது சிறிதாகப் படிந்து கல்லாய் இறுகியது. மரம் போயிற்று, அதன் வரிகளும் கணுக்களும் நின்றன.

இவற்றின் வயது ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகள். இவ்வெண் குழந்தைக்கு வெறும் ஒலி. ஆகலின், ஓர் ஆண்டுக்கு ஓர் எண்ணாக, நொடிக்கு ஒன்று வீதம் பின்னோக்கி எண்ணச் சொல்க. சிவாஜி செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றிய 1677ஆம் ஆண்டை ஆறு நிமிடங்களுக்குள் அடைந்துவிடலாம். திருவக்கரை மரங்கள் நின்ற காலத்தை எட்டுதற்கோ, இரவு பகல் ஓயாது 231 நாள்கள் எண்ணுதல் வேண்டும்! அங்குச் செல்லும் சிறார், கல் ஒன்றனையும் எடுத்து வருதல் ஆகாது என்பதையும் உடன் கற்பித்தல் நன்று. பிறர் காண வேண்டிய சான்று அது.

மேற்கூறியவற்றால் விளங்குவன மூன்று. விடை, குழந்தையின் கையிலுள்ள பொருளிலிருந்து தொடங்குதல் வேண்டும். நாளைக்கு ஒன்று போதும். பலவற்றை ஒருங்கே திணித்தல் செரியாது. எல்லாவற்றினும் மேலாக, குழந்தை தன் கண்ணால் ஆராய்ந்து பார்த்தற்கு வழி ஒன்று அவ்விடையுள் இருத்தல் வேண்டும். விழுதை மண்ணில் இறங்காமல் தடுத்தும், உப்புநீரை வெயிலில் வைத்தும் அறிந்த சிறுவன், பிறர் கூறும் பொய்ச் செய்திகளையும் அவ்வாறே சோதிக்கக் கற்பான்.

தமிழில் இப்பணிக்கு முன்னோடிகள் உளர். பெ. நா. அப்புசாமி அறிவியலை எளிய தமிழில் எழுதினார். பெ. தூரனை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. அகரவரிசையில் அமைந்த அந்நூலிற் பாடங்களுக்கிடையே வேலியில்லை. குழந்தையின் மனமும் அத்தகையதே.

மாணவ நண்பர்காள்! விடை தெரியாதவிடத்து, 'வா, இருவரும் பார்ப்போம்' என்று கூறுதலும் நல்ல விடையே. வரும் விடுமுறையில் உங்கள் இல்லத்துச் சிறார் ஒரு மல்லாட்டையை நீட்டி ஏதேனும் வினவுவராயின், அவரோடு கொல்லைக்குச் சென்று ஒரு செடியைப் பிடுங்கிக் காட்டுங்கள். கல்லூரிக் கல்வி இல்லத்துக்குப் பயன்படத் தொடங்கும் இடம் அதுவே.