சாலையைக் கடக்க ஏன் ஏற வேண்டும்? நடைமேம்பாலம் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

புறநகர் நெடுஞ்சாலையில் நடந்து போன ஒருவர் வண்டி மோதி இறந்துவிட்டால், மறுநாளே அங்கே எழும் கோரிக்கை நடைமேம்பாலம்தான். அதன் பின்னால் இருக்கும் துயரம் பெரியது. 2022ல் இந்தியச் சாலைகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். சென்னையின் ஜிஎஸ்டி சாலை போன்ற ஒன்றில் இந்தக் கணக்கு இன்னும் நெருக்கமாகப் புரியும். தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ஊர்களின் நடுவே ஓடும் அந்தச் சாலையின் ஒரு பக்கத்தில் ரயில் பாதை. பல இடங்களில் எட்டு வழி அகலம். இரு பக்கமும் கடைகளும் பள்ளிகளும் குடியிருப்புகளும். அங்கே சாலையைக் கடப்பது அன்றாடத் தேவை. அதனாலேயே, பாலம் பற்றி நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருக்கும் சில நம்பிக்கைகளைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை: பாலம் கட்டினால் மக்கள் அதில்தான் போவார்கள்.

எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைப் பொறுத்தே மக்கள் பாலத்தில் ஏறுகிறார்கள். பிரிட்டனில் 1965ல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. பாலத்தின் வழியாகப் போகும் நேரமும் தரையில் கடக்கும் நேரமும் சமமாக இருந்தால் ஏறக்குறைய 95 சதவீதம் பேர் பாலத்தைப் பயன்படுத்துகிறார்கள். பாலத்தில் ஒன்றரை மடங்கு நேரம் ஆனால் கிட்டத்தட்ட யாருமே ஏறுவதில்லை. நம் சாலைக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். லாரிகள் போக 5.5 மீட்டர் உயரம் விட வேண்டும். பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் நடக்கும் தளம் 6 மீட்டரைத் தொடும். 15 சென்டிமீட்டர் படி என்றால் ஏற 40, இறங்க 40. எட்டு வழியின் 28 மீட்டரைத் தரையில் கடக்க 25 விநாடிகூட ஆகாது. வண்டிகள் நெருக்கமாக ஓடும் காலையிலும் மாலையிலும் கீழே நெடுநேரம் காத்திருக்க வேண்டும் என்பதால் பாலம் லாபமாகத் தெரியும். விடியற்காலையிலும் இரவிலும் சாலை காலியாகிவிட, எல்லாரும் கீழேயே கடப்பார்கள். வண்டிகள் மிக வேகமாக வருவதும் அந்த நேரத்தில்தான்.

நம்பிக்கை: பாலம் இருந்தும் குறுக்கே போகிறவர்கள் ஒழுங்கில்லாதவர்கள், வேலியை உயர்த்தினால் போதும்.

பேருந்து ஓரிடத்தில் இறக்கிவிடுகிறது, வீடு நேரெதிரே இருக்கிறது, பாலமோ 200 மீட்டர் தள்ளி. போய்த் திரும்ப 400 மீட்டர், அதோடு 80 படி. இடுப்பில் குழந்தையும் கையில் பையுமாக வரும் பெண்ணும், நாள் முழுக்க நின்று வேலை பார்த்த தொழிலாளியும், முட்டி வலிக்கும் முதியவரும் அந்த நிலையில் செய்யும் கணக்கை ஒழுக்கக் குறைவு என்று தள்ளுவது நியாயமில்லை. மெக்சிகோ சிட்டியில் பாதசாரி மரணங்களில் கால் பங்குக்கு மேல், ஏதாவது ஒரு நடைமேம்பாலத்திலிருந்து 300 மீட்டருக்குள் நிகழ்ந்தவை என்று ஆய்வு கண்டது. அத்தனை பேரும் பொறுப்பற்றவர்கள் என்று சொல்வதைவிட, பாலங்கள் மக்கள் கடக்கும் இடத்தில் இல்லை என்று முடிவு செய்வதே பொருந்தும். மீடியனில் வேலியை உயர்த்தினால் சுற்று இன்னும் கூடும்; எங்கேனும் ஒரு கம்பி வளைக்கப்படும். இருபுறமும் அடைத்த சாலையில் மனிதர்கள் வரமாட்டார்கள் என்று ஓட்டுநர் நம்பி வேகத்தைக் கூட்டுவார். கார் மோதும் வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 65 ஆக உயர்ந்தால் பாதசாரி இறக்கும் அபாயம் 4.5 மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

நம்பிக்கை: லிஃப்ட் வைத்துவிட்டால் எல்லாருக்கும் வழி கிடைத்துவிடும்.

சக்கர நாற்காலிக்கு ஏற்ற சாய்தளம் 12க்கு 1 என்ற சரிவில் அமைய வேண்டும். 6 மீட்டர் ஏற 72 மீட்டர் நீளம், நடுவே நின்று இளைப்பாறும் தளங்கள் தனி; இதேபோல மறுபக்கமும். நெருக்கமான புறநகரில் அதற்கு இடம் கிடைப்பது அரிது என்பதால் லிஃப்டை நம்புகிறோம். லிஃப்டுக்கு மின்சாரம் வேண்டும், பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டும், கடைசிப் பேருந்து வரும்வரை திறந்திருக்க ஆள் வேண்டும். அது பழுதாகும் நாளில் படியேற முடியாதவருக்குச் சாலையே மூடப்பட்டதாகிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல் வந்துவிட்டது. தடையற்ற வழி என்பது நாம் விரும்பிச் செய்யும் உதவி என்ற காலம் முடிந்துவிட்டது.

நம்பிக்கை: தரையில் சிக்னல் வைத்தால் நெடுஞ்சாலை ஸ்தம்பித்துவிடும்.

தரையில் கடக்க மக்கள் பயப்படுவதில் காரணம் இருக்கிறது. அகலமான சாலையில் வெறும் ஜீப்ரா கோடு ஆபத்தானதுதான். ஒரு வண்டி நின்றால், கடப்பவரை அது மறைத்துவிட, அடுத்த வரிசையில் வருகிற வண்டி மோதும். ஆகவே சிக்னல் வேண்டும், மீடியனில் நின்று கொள்ள அகலமான இடம் வேண்டும், கடக்கும் தளத்தைச் சற்று உயர்த்தி வேகத்தைக் குறைக்க வேண்டும். இரண்டு கட்டமாகக் கடந்தால் ஒரு பக்கத்தின் 14 மீட்டருக்கு 12 விநாடி போதும். நடை தளர்ந்தவர்களுக்கு இன்னும் சில விநாடி சேர்க்கலாம். அருகிலுள்ள சந்திப்பில் வண்டிகள் எப்படியும் நிற்கும் நேரத்தோடு இதை இணைத்தால் இழப்பு சொற்பம். வெளியூர் லாரிகள் தாமதமாகுமே என்றால், அவற்றை ஊருக்குள் விடாமல் திருப்புவதற்காகவே வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை போட்டிருக்கிறோம். 2018ல் ஜகார்த்தா நகரம் அதன் மையமான ஹோட்டல் இந்தோனேசியா ரவுண்டானா அருகே இருந்த நடைமேம்பாலத்தை எடுத்துவிட்டுத் தரையிலேயே சிக்னலுடன் கூடிய கடப்பை அமைத்தது. நம்மைப் போலவே நெரிசலில் தவிக்கும் நகரம் அது.

நம்பிக்கை: அப்படியென்றால் பாலமே வேண்டாம்.

இதுவும் தவறு. ஏற்கெனவே உயரத்தில் இருப்பவரை உயரத்திலேயே கூட்டிச் செல்லும் பாலம் நன்றாகப் பயன்படும். 2023ல் திறக்கப்பட்ட தியாகராய நகர் ஆகாய நடைமேம்பாலம் மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் 570 மீட்டர் நீளத்தில் இணைக்கிறது. தண்டவாளத்தைத் தாண்ட ஏறியவர் மீண்டும் இறங்கி ஏற வேண்டியதில்லை. கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையே ஜிஎஸ்டி சாலைக்கு மேலே பாலம் திட்டமிட்டதும் இதே காரணத்தால் சரியானது. ரயிலிலிருந்து வருபவர் எப்படியும் படியேறித்தான் ஆக வேண்டும். அந்த உயரத்திலேயே சாலையையும் தாண்டிவிடலாம். ஆனால் எதிர்ப்பக்கத்துக் கடைக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் போகும் உள்ளூர்க்காரருக்கு அது விடையாகாது. அவருக்குத் தரைவழிக் கடப்பு வேண்டும்.

ஆகவே திட்டமிடும் வரிசையை மாற்ற வேண்டும். முதலில், மக்கள் எங்கிருந்து எங்கே கடக்கிறார்கள் என்பதைப் பகலிலும் இரவிலும் எண்ணிக் குறிக்க வேண்டும். அடுத்து, பேருந்து நிறுத்தங்களை அந்தக் கோட்டுக்கு அருகில் நகர்த்த வேண்டும். வண்டிகளின் வேகத்தைக் குறைத்து, சிக்னலோடு கடப்பு அமைக்க வேண்டும். தண்டவாளமோ உயர்ந்த நிலையமோ உண்மையிலேயே ஏறச் சொல்லும் இடத்தில் மட்டும் பாலத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டும். பாலம் கட்டிய இடத்தில் ஓராண்டு கழித்து, இரவு பத்து மணிக்கு எத்தனை பேர் இன்னும் கீழே கடக்கிறார்கள் என்று எண்ணி அந்தக் கணக்கை வெளியிட வேண்டும். பாலம் யாருக்காகக் கட்டப்பட்டதோ அவர்களுக்குப் பயன்பட்டதா என்பதை அந்த எண் சொல்லிவிடும்.