டிராக்டருக்குரிய களைக்கொல்லித் தெளிப்பான்: கிராமப் பட்டறையில் அமைக்கும் முறை

ஹரியானாவில் மண்டூசி என்றும் பஞ்சாபில் குல்லி டண்டா என்றும் வழங்கும் புல், கோதுமைப் பயிரின் பெரும் பகைகளுள் ஒன்றாகும். இளமையில் அது கோதுமையைப் போலவே தோன்றுவதால், கையால் பிரித்துக் களைவது எளிதன்று. 1980-களில் ஐசோபுரோட்டுரான் என்னும் களைக்கொல்லி இப்புல்லை நன்கு அடக்கி வந்தது. ஆனால் 1990-களின் தொடக்கத்தில், அம்மருந்துக்கு மடியாத மண்டூசி ஹரியானாவின் நெல்–கோதுமை நிலங்களில் தலைதூக்கியது. ஆண்டுதோறும் ஒரே மருந்தைப் பயன்படுத்தியதே இதற்கு முதற் காரணம். எனினும், மருந்தைக் குறைத்து இட்டதும், மணலிலோ யூரியாவிலோ கலந்து கையால் விசிறியதும் கேட்டை விரைவுபடுத்தின. அரைகுறையாக மருந்து பட்ட களை பிழைத்து விதை தருகிறது. அடுத்த ஆண்டு அவ்விதையே வயலில் முளைக்கிறது.

ஆகவே, களைக்கொல்லித் தெளிப்பில் முதன்மையானது வேகமன்று. வயலின் ஒவ்வொரு சாணுக்கும் ஒரே அளவு மருந்து சென்று சேர்வதாகும். முதுகில் சுமக்கும் கைத்தெளிப்பானைக் கொண்டு நடப்பவருடைய நடையும் கைவீச்சும் மாலைக்குள் மாறிவிடும். டிராக்டரின் பின்புறம் குறுக்காக நீட்டிய சட்டத்தில் நாசில்களை, அதாவது தெளிப்பு முனைகளை, வரிசையாகப் பொருத்தினால் இக்குறை நீங்கும். இச்சட்டத்திற்குப் ‘பூம்’ என்று பெயர். வெல்டிங் வசதியுள்ள எந்தக் கிராமப் பட்டறையிலும் இதனை அமைக்கலாம். அவ்வாறு அமைத்த தெளிப்பான்கள் பெரும்பாலும் நன்றாக ஓடவே செய்கின்றன. சமமாகத் தெளிக்கின்றனவா என்பதை மட்டும் பலர் பார்ப்பதில்லை.

சட்டமும் தொட்டியும்

இங்கே எடுத்துக்கொள்ளும் தெளிப்பானின் பூம் 6 மீட்டர் நீளமுடையது, 50 செ.மீ. இடைவெளியில் 12 நாசில்கள் கொண்டது. பூமை நடுவில் 2 மீட்டர், இருபுறமும் இரண்டிரண்டு மீட்டர் என மூன்று துண்டுகளாகச் சதுர இரும்புக் குழாயில் செய்வது நலம். பக்கத் துண்டுகளைக் கீலில் மாட்டி ஸ்பிரிங் வைத்தால், மரத்திலோ மின்கம்பத்திலோ இடிக்கும்போது அவை பின்னுக்கு மடங்கிக் கொடுக்கும். பூம் உறுதியாகவும் மட்டமாகவும் இருத்தல் வேண்டும். சட்டம் 5 டிகிரி சாய்ந்தால், நடுவிலிருந்து 3 மீட்டர் தொலைவிலுள்ள முனை ஏறக்குறைய 26 செ.மீ. இறங்கிவிடும், மறுமுனை அதே அளவு உயர்ந்துவிடும்.

200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய் இரண்டை அடியில் குழாயால் இணைத்து, டிராக்டரின் மூன்று புள்ளி இணைப்பில் தாங்கும் சட்டத்தின் மேல் நிறுத்தினால் தொட்டி ஆயிற்று. நீர் மட்டுமே 400 கிலோ எடையாகும். எனவே பீப்பாய்கள் டிராக்டரை ஒட்டியே இருக்க வேண்டும்; முன்சக்கரங்கள் இலேசாகித் தூக்குமாயின் முன்புறத்தில் எடை சேர்க்க வேண்டும். ஒருமுறை மருந்துக்குப் பயன்பட்ட பீப்பாயைப் பின்னர் நீருக்கோ தீவனத்திற்கோ எக்காரணத்தாலும் பயன்படுத்தலாகாது.

நிமிடத்திற்கு 36 லிட்டர் தரும் பிஸ்டன் பம்பு இவ்வளவிற்குப் போதும். அதனைப் பி.டி.ஓ. தண்டிலிருந்து பெல்ட்டால் இயக்கலாம். அத்தண்டு நிமிடத்திற்கு 540 முறை, அதாவது வினாடிக்கு 9 முறை சுழல்வது. கோதுமைக்கு மருந்தடிக்கும் காலமோ போர்வை போர்த்தும் குளிர்காலம். போர்வையின் நுனி தண்டில் சிக்கினால் கையை எடுக்கவும் நேரமிராது. தண்டுக்கும் பெல்ட்டுக்கும் தகட்டு மூடி போடாத தெளிப்பானைப் பட்டறையை விட்டு வெளியே விடலாகாது.

பம்பிலிருந்து வரும் நீரில் நாசில்களுக்கு வேண்டியது போக எஞ்சியது அழுத்தச் சீராக்கி வழியே தொட்டிக்குத் திரும்பும். அதுவே தொட்டியிலுள்ள மருந்தைக் கலக்கிக்கொண்டும் இருக்கும். பூமின் மூன்று துண்டுகளுக்கும் தனித்தனிக் குழாய் கொடுத்தால் ஓரத்து நாசில்களில் அழுத்தம் குறையாது. பம்புடன் வரும் அழுத்தமானி உயர்ந்த அழுத்தங்களுக்காக அமைந்தது. அதன் முள் கீழ்ப்பகுதியில் சிறிதே அசையும். ஆகையால் 10 கிலோ வரை மட்டும் காட்டும் மானி ஒன்றைத் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும்.

நாசில்கள்

இரும்பு வேலையில் செலவைச் சுருக்கலாம், நாசிலில் சுருக்கலாகாது. பருத்திக்குப் பூச்சிமருந்தடித்த கூம்பு நாசில்களையே களைக்கொல்லிக்கும் மாட்டுவது பரவலாகக் காணப்படும் தவறு. பூமிற்குத் தட்டை விசிறி நாசிலே உரியது. அதன் விசிறி நடுவில் அடர்ந்தும் ஓரங்களில் மெலிந்தும் விழும். அடுத்தடுத்த விசிறிகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போதுதான் தெளிப்பு சமனாகிறது. இதற்கு, 110 டிகிரி நாசில்களைப் பயிரின் தலைக்குமேல் 50 செ.மீ. உயரத்தில் நிறுத்த வேண்டும். உயரத்தைத் தரையிலிருந்து அளப்பது பிழை. பூம் மிகத் தாழ்ந்தால் வயலில் வரிவரியாகக் களை நிற்கும். மிக உயர்ந்தால் காற்று மருந்தை அடித்துச் செல்லும். விசிறிகள் ஒன்றோடொன்று மோதாதபடி எல்லா நாசில்களையும் ஒரே பக்கமாகச் சிறிது திருகி வைப்பது வழக்கம்.

அடைத்துக்கொண்ட நாசிலை வாயில் வைத்து ஊதுவோர் இன்னும் உளர். கம்பியால் குத்துவோரும் உளர். முன்னது உடலுக்குக் கேடு. பின்னது துளைக்குக் கேடு. பழைய பல்துலக்கும் பிரஷும் நீரும் போதும்.

அளந்து பார்த்தல்

இவ்வேலையைப் பலர் தவிர்த்துவிடுகின்றனர். மருந்து கலவாத வெறும் நீரைத் தொட்டியில் பாதியளவு நிரப்பிக்கொள்க. வயலிலேயே 50 மீட்டரை அளந்து குச்சி நட்டு, பி.டி.ஓ. 540 சுற்றுத் தரும் எஞ்சின் வேகத்தில், எந்தக் கியரில் டிராக்டர் அத்தூரத்தை 50 வினாடியில் கடக்கிறது என்று காண்க. அது மணிக்கு 3.6 கி.மீ. வேகமாகும். வேகத்தைக் கியரால் மாற்ற வேண்டுமேயன்றி ஆக்சிலரேட்டரால் மாற்றலாகாது. எஞ்சின் தளர்ந்தால் பம்பும் தளரும்.

பின்னர் டிராக்டரை நிறுத்திவைத்து, அதே எஞ்சின் வேகத்தில், அழுத்தத்தை ச.செ.மீ.க்கு 3 கிலோவில் நிறுத்தி, ஒவ்வொரு நாசிலின் கீழும் ஒரு நிமிடம் பாத்திரம் பிடித்து அளக்க வேண்டும். ஒரு நாசில் நிமிடத்திற்கு 1.2 லிட்டர் தருமாயின் கணக்கு இது: 1.2-ஐ 600-ஆல் பெருக்கி, வேகமாகிய 3.6-ஆலும் இடைவெளியாகிய 0.5-ஆலும் வகுத்தால், எக்டருக்கு 400 லிட்டர். ஆகவே ஒரு தொட்டி ஒரு எக்டருக்குச் சரியாகும். ஒரு எக்டருக்கென மருந்தின் சீட்டில் குறித்த அளவை ஒரு தொட்டியில் கலக்கலாம்.

பன்னிரண்டில் ஒரு நாசில் 1.5 லிட்டரும் மற்றொன்று 0.9 லிட்டரும் தருவதாகக் கொள்வோம். மொத்தம் மாறாது, தொட்டியும் உரிய இடத்திலேயே காலியாகும். விவசாயிக்கு ஐயமே எழாது. ஆனால் முதல் நாசிலின் தடத்தில் எக்டருக்கு 500 லிட்டர் வீதம் விழுந்து கோதுமை வெளுக்கலாம். மற்றதன் தடத்தில் 300 லிட்டரே விழுந்து மண்டூசி பிழைக்கும். அந்தத் தடம் வயலின் இக்கோடியிலிருந்து அக்கோடி வரை நீளும். புதிய நாசிலின் அளவைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மிகுதியாகத் தருவதைக் கழித்துவிட வேண்டும்.

குறைவு தென்பட்டால் அழுத்தத்தைக் கூட்டிச் சரிசெய்யப் பலர் முயல்வர். நீரின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தையொட்டியே உயரும். அளவை இரட்டிக்க அழுத்தத்தை நான்கு மடங்காக்க வேண்டும். அப்போது துளிகள் பொடியாகிக் காற்றோடு போய்விடும். பெரிய துளையுள்ள நாசிலை மாற்றுவதே முறை. ஆசிரியர்கள் இவ்விதியை மாணவர்க்குக் கரும்பலகையில் காட்டுவதோடு நில்லாமல், மருந்தே படாத புதிய நாசில் ஒன்றையும் அழுத்தமானியையும் கொண்டு, வெறும் நீரால் அளந்து வரைபடமாக்கச் செய்யலாம்.

வயலில் முதல் பாசனத்திற்குப் பின், விதைத்த 30 முதல் 35 நாட்களில், மண் சக்கரத்தைத் தாங்கும் பதம் வந்ததும் தெளிக்கலாம். 6 மீட்டருக்கு ஒரு கொடியை வயலின் இரு கோடியிலும் நட்டுக்கொண்டால் விடுபட்ட பட்டையும் இரட்டிப்புப் பட்டையும் நேரா. திருப்பங்களில் குழாயை மூட வேண்டும்.

பஞ்சாப், ஹரியானாவின் பருத்தி வட்டாரங்களில் இன்னும் ஒரு எச்சரிக்கை தேவை. கோதுமையில் அகன்ற இலைக் களைகளுக்காக 2,4-டி அடித்த தெளிப்பானையே கோடையில் பருத்திக்கு எடுப்பதுண்டு. பருத்தி அம்மருந்தின் மிகச் சிறு எச்சத்தையும் தாங்காது. இலைகள் விரல்போல் குறுகிச் சுருளும். ஆகையால் தொட்டி, குழாய், வடிகட்டி ஆகியவற்றைப் பலமுறை நீரால் அலசி, அம்மோனியா கலந்த நீரை இரவு முழுதும் நிறுத்தி, மறுநாள் மீண்டும் அலச வேண்டும். கழுவிய நீர் கிணற்றுக்கோ கால்வாய்க்கோ செல்லாதிருத்தல் வேண்டும். நாசில்களைக் கழற்றிக் கழுவி உலர்த்திப் பையிலிட்டு, ஒவ்வொன்றும் கடைசியாகத் தந்த அளவை எழுதிய சீட்டுடன் அடுத்த கார்த்திகை வரை வைத்திருக்கலாம்.