கதவைத் தட்டியது யார்?

ஒன்பது வருஷமாக காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறேன். ஆராதனைக்குத் தவறுவதில்லை. ஆனாலும் எதற்காகப் பிறந்தேன் என்று தெரியவில்லை. வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகலாமா?
- வாசகர், காட்டுப்பள்ளி

ஸ்டியரிங்கை விடாதீர்கள் தம்பி. உங்களுக்குப் பக்கத்திலேயே ராயபுரம் இருக்கிறதே, அந்தப் பெயரே மீனவரான இராயப்பரிடமிருந்து, அதாவது பேதுருவிடமிருந்து, வந்ததுதான். அங்குள்ள புனித இராயப்பர் ஆலயம் படகுக்காரர்கள் கட்டியது. துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே மசூலா படகில் சரக்கு ஏற்றி இறக்கியவர்கள் அவர்கள். உங்கள் தொழில்தான்!

அழைப்பு எப்படி வரும் என்பதற்கு வேலூர் ஐடா ஸ்கடரை எடுத்துக்கொள்ளுங்கள். மிஷனரியாகவே கூடாது என்றிருந்த பெண். தாய்க்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்தார். ஒரே ராத்திரியில் மூன்று கணவர்கள் கதவைத் தட்டி, பிரசவ வேதனையில் துடிக்கும் மனைவிக்கு உதவக் கூப்பிட்டார்கள். அவருக்கு வைத்தியம் தெரியாது. டாக்டரான அப்பாவை அனுப்பலாமென்றால், ஆண் வேண்டாம் என்றுவிட்டார்கள். விடிவதற்குள் அந்த மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா டாக்டருக்குப் படித்துத் திரும்பி, 1900-ல் வேலூரில் ஒரே கட்டிலோடு தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை.

ஜெபத்தில் "நான் எதற்கு?" என்று கேட்பதை ஒரு மாதம் நிறுத்துங்கள். "இன்றைக்கு என் கதவைத் தட்டியது யார்?" என்று கேளுங்கள். கேட் முன்னால் வண்டி வரிசையில் நிற்கும்போது, ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு வெறும் டீயோடு பசியாறும் கிளீனர் பையன் பக்கத்து கேபினில் இருப்பான். நாளைக்கு இரண்டு சாப்பாட்டுப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போங்கள்.