தேயிலைச் சரிவில் சாய்வு காண்போம்



கேமரன் மலையில் உள்ள 'தானா ராத்தா' என்ற பட்டணத்தின் பெயருக்கு மலாய்மொழியில் 'சமநிலம்' என்று பொருள். சமநிலத்தின் சாய்வு 0. ஆனால் பட்டணத்தைத் தாண்டினால், தேயிலைத் தோட்டங்கள் எல்லாம் சரிவுகள்தாம். இரண்டாம் படிவக் கணிதத்தில் 'கெச்செருனான்' என்று படிக்கிறோமே, அந்தச் சாய்வைப் பழக இதைவிட நல்ல இடம் ஏது?

என் மாணவர்கள் இரு குழுக்களாக ஒரே சரிவை அளந்தார்கள். முதல் குழுவின் விடை 0.6, இரண்டாம் குழுவின் விடை 0.75. எது சரி?

இரு குழுக்களுக்கும் செங்குத்து உயரம் 1.2 மீட்டர்தான். முதல் குழு நாடாவைத் தரையோடு ஒட்டி வைத்து 2 மீட்டர் என்று அளந்தது. "அம்மா கூடையோடு ஏறுவது அந்த வழியாகத்தானே, டீச்சர்?" என்றாள், கொழுந்து பறிப்பவரின் மகள் ஒருத்தி. நியாயமான கேள்வி!

இரண்டாம் குழு, சரிவின் கீழ்ப்புள்ளியில் ஒரு கம்பை நேராக நிறுத்தியது. மேல்புள்ளியிலிருந்து அந்தக் கம்பு வரை ஒரு கயிற்றைக் கிடையாகக் கட்டியது. கயிறு மட்டமாக இருக்கிறதா என்பதைக் கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர்க்குழாயால் சரிபார்த்தது. கயிற்றின் நீளம் 1.6 மீட்டர்.

சாய்வு = செங்குத்து உயர்வு ÷ கிடைத்தூரம் = 1.2 ÷ 1.6 = 0.75

ஆகவே, இரண்டாம் குழுவின் விடையே சரி. முதல் குழு வகுத்தது சரிவு நீளத்தால். அந்த 0.6 என்பது பின்னர் நீங்கள் படிக்கப்போகும் 'சைன்' விகிதம்.

இந்தத் தவறு சிறியதன்று. தரையோடு அளந்தால், செங்குத்தான சுவருக்கும் விடை 1 என்றே வரும். உண்மையில் அங்கே கிடைத்தூரம் 0 என்பதால் சாய்வை வரையறுக்கவே முடியாது. சரிவு கூடக்கூட மழைநீர் வேகமாக ஓடி மண்ணை அரிக்கும். நிலச்சரிவு நேரும் மலையில் சாய்வைக் குறைத்துக் கணிப்பது ஆபத்து.

நீங்களும் செய்து பாருங்கள்: ஒரு பலகையைப் புத்தக அடுக்கின்மீது சாய்த்து, இரண்டு வெவ்வேறு புள்ளிச் சோடிகளில் அளவெடுங்கள். நேர்க்கோட்டில் எங்கே அளந்தாலும் சாய்வு மாறாது.

பயிற்சி: (2, 1), (6, 4) என்ற புள்ளிகளை இணைக்கும் கோட்டின் சாய்வு என்ன? (1, 5), (5, 2) ஆகியவற்றுக்கு?

விடை: 0.75, −0.75. இடமிருந்து வலமாக முதல் கோடு ஏறுகிறது, இரண்டாவது இறங்குகிறது.