நட்டை இறுக்கினால் கூவல் நிற்குமா?

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் பெருங்களத்தூர், வண்டலூர் வரும். ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை இருந்தது அந்தப் பக்கத்தில்தான். 1961-ல் வெளிவரத் தொடங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டில், இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் சேசிஸோடு பூட்டப்பட்டிருக்கும். இரு பக்க ஆக்ஸில் ஷாஃப்ட்டுகளும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும். வாங்கியவர்களும் மெக்கானிக்குகளும் அதைச் சந்தேகமாகவே பார்த்தார்கள். 1972-ல் கஸல் என்ற மாடல் வந்தபோது கம்பெனியே அதைக் கைவிட்டு, அம்பாசடரில் இருப்பதுபோல் இரண்டு சக்கரத்தையும் ஒரே குழாய் இணைக்கும் ஆக்ஸிலுக்கு மாறிவிட்டது. சந்தேகத்தில் கொஞ்சம் நியாயமும் இருந்தது: வேகமாகத் திரும்பும்போது அந்த வகை ஆக்ஸிலில் பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கப் பார்க்கும். ஆனால் பின் ஆக்ஸிலைப் பற்றி இங்கே உலவும் நம்பிக்கைகள் எல்லாவற்றுக்கும் அந்த அளவு நியாயம் கிடையாது.

மாடம்பாக்கம், சேலையூர் வீட்டு வாசல்களில் நிற்கும் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரத்தால் ஓடுபவை. அவற்றுக்கு டிஃபரன்ஷியலே இல்லை என்று சொல்வோர் உண்டு. இருக்கிறது, கியர்பாக்ஸுக்குள் அடங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பின்பக்கம் கைவைக்க வேண்டியவர்கள் ஆம்னி, ஈகோ, பொலேரோ, குவாலிஸ் வைத்திருப்பவர்களும், பழைய அம்பாசடரை விட மனமில்லாதவர்களும்தான்.

அவர்கள் முதலில் கேட்பது இது: "இரண்டு சக்கரத்தையும் தூக்கி ஒன்றைச் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றுகிறது. டிஃபரன்ஷியல் போய்விட்டதா?" போகவில்லை. கியர் விழுந்திருக்கும்போது அப்படித்தான் சுற்ற வேண்டும். சேற்றில் ஒரு சக்கரம் வீணாகச் சுழல, மற்றது அசையாமல் நிற்பதும் பழுதல்ல. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு திருகுவிசையைத்தான் தரும். சேற்றில் வழுக்கும் சக்கரம் மிகக் குறைவாகத்தான் தாங்கும் என்பதால், கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே குறைந்த அளவுதான் போய்ச் சேரும்.

சக்கரங்கள் இப்படி எதிரெதிராகச் சுற்றுவதால் வரும் ஓர் ஆபத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. "கியரில் போட்டிருக்கிறேன், வண்டி நகராது" என்று ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குகிறார்கள். தூக்கிய சக்கரம் பின்னோக்கிச் சுழல, தரையில் இருக்கும் சக்கரம் தாராளமாக உருளும். கியர் தடுக்காது. பிரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டால் கியருக்கும் பின்சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்துவிடும். டிரம்மைக் கழற்றினால் ஹேண்ட்பிரேக்கும் போச்சு. முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை, ஆக்ஸிலுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு, சமமான சிமெண்ட் தரை. இவை இல்லையென்றால் வேலையையே தொடங்கக் கூடாது. ஹாலோ பிளாக் கல் ஸ்டாண்டு ஆகாது. சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும்.

அடுத்தது எல்லா ஊரிலும் கேட்கும் வைத்தியம்: பின் ஆக்ஸில் கூவினால், டிஃபரன்ஷியலைச் சுற்றும் சிறிய பல்சக்கரமான பினியனின் நட்டை இறுக்கு. தீங்கில் இதற்கு இணையான யோசனை வேறில்லை. பல வண்டிகளில் பினியன் பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கும் ஸ்பேசர் ஒன்று இருக்கும். அதை நசுக்க 200 நியூட்டன் மீட்டருக்கு மேல்கூட திருகுவிசை வேண்டியிருக்கும். ஆனால் சரியாக அமைந்த பேரிங் சுற்றக் காட்டும் எதிர்ப்போ ஒன்றிரண்டு நியூட்டன் மீட்டர்தான். நீளக் குழாய் மாட்டி இழுக்கும் கைக்கு இந்த நுட்பம் தெரியாது. அளவு மீறி இறுக்கிவிட்டால் நட்டைத் திருப்பித் தளர்த்தியும் பயனில்லை. நசுங்கிய ஸ்பேசர் நிமிராது, புதிது போட வேண்டும்.

"பினியன்தான் தேய்ந்திருக்கிறது, அதை மட்டும் மாற்று" என்பதும் அதே ரகம். பெரிய பல்சக்கரமான கிரௌனும் அதைச் சுற்றும் பினியனும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசவிட்டுச் சேர்க்கப்பட்ட ஜோடி. ஒன்றை மட்டும் மாற்றினால் அடுத்த நாளே கூவும். புதுப்பேட்டை பழைய உதிரிபாகக் கடைகளில் அசெம்பிளியை முழுசாக வாங்குவது தப்பில்லை. ஆனால் பற்களை எண்ணிவிட்டு வாங்க வேண்டும். கிரௌனில் 41, பினியனில் 9 என்றால் விகிதம் 4.56. வேறு விகிதம் போட்டால் வண்டியின் இழுவை மாறும்; கியர்பாக்ஸிலிருந்து ஓடும் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும்.

கூவல் எல்லாமே டிஃபரன்ஷியல் கூவலும் அல்ல. ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது ஒரு சத்தம், விட்டால் வேறு சத்தம் என்றால் கிரௌன், பினியன் மேல் சந்தேகப்படலாம். வளைவில் ஒரு பக்கம் சாயும்போது சத்தம் ஏறி இறங்கினால் வீல் பேரிங்கைப் பாருங்கள். ரோடு மாறும்போது சத்தமும் மாறினால் டயர்.

ஆயில் விஷயத்தில் இரண்டு தப்பு நடக்கிறது. இன்ஜின் ஆயில் 40, கியர் ஆயில் 90, ஆகவே 90 இருமடங்கு கெட்டி என்பது ஒன்று. இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். கியர் ஆயில் 90-இன் பிசுக்கு, இன்ஜின் ஆயில் 40, 50-க்குக் கிட்டத்தட்டச் சமம். பின் ஆக்ஸிலைக் காப்பது கெட்டித்தன்மை மட்டுமல்ல, ஆயிலில் கலந்திருக்கும் கந்தக-பாஸ்பரஸ் சேர்மங்களும்தான். ஹைபாய்டு பற்கள் சுழலும்போதே ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவும் செய்யும் என்பதால் ஜி.எல்.-5 தரம் தேவை.

இன்னொன்று, ஆயிலை மாற்றவே வேண்டாம் என்பது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லக் கூடாது. ஓடிச் சூடான ஆக்ஸில் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். காற்றுத்துளையான பிரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை இழுக்கும். ஆயில் மோர் நிறத்துக்கு மாறியிருந்தால் பேரிங் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். பிரீதர் அடைத்துக்கொண்டால் சூட்டில் அழுத்தம் ஏறி, புது சீல்கூட ஒழுகும்.

அப்படியானால் வீட்டில் செய்யவே முடியாதா? முடியும். அம்பாசடரில் ஆக்ஸில் ஷாஃப்ட்டுகளை இழுத்துவிட்டு, பிரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிரித்தால், டிஃபரன்ஷியல் மொத்தமாக முன்பக்கம் வெளியே வந்துவிடும். ஹவுசிங்கை இறக்க வேண்டியதில்லை. பேரிங் அழுத்த லேத் பட்டறை பிரஸ்ஸுக்கு எடுத்துப் போகலாம். டயல் கேஜ், டார்க் ரெஞ்ச், பல் எங்கே படுகிறது என்று காட்டும் மார்க்கிங் ப்ளூ ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். பல் இடைவெளி பல வண்டிகளில் 0.10 முதல் 0.20 மில்லிமீட்டர் வரை. கையால் ஆட்டிப் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லும் மெக்கானிக்கைவிட, மேனுவலை வைத்துக்கொண்டு ஷிம் மாற்றி மாற்றி நான்கு நாள் அளக்கும் பொறுமைசாலியே மேல்.

கடைசியாக ஒன்று. ஆயிலை வடிக்கும் பிளக்கைத் தொடுவதற்கு முன் ஊற்றும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது துருவேறி இறுகியிருந்தால், வடித்த பிறகு ஆயில் ஊற்ற வழியில்லாமல் வண்டி அங்கேயே நிற்கும்.