குதிரை ஓட்டும் தம்பிக்கு



சதுரங்கக் குதிரை எல்லாக் கட்டத்தையும் ஒவ்வொரு தரம் மட்டும் மிதித்து முடிக்கும் குதிரைப் பயணத்துக்கு நீ எழுதி அனுப்பிய புரோகிராமை ஓட்டிப் பார்த்தேன். 8×8 சதுரங்கப் பலகையில் 64 கட்டத்தையும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடுகிறது. அடுத்த தாவலுக்கு வழி குறைவாக உள்ள கட்டத்துக்கே முதலில் போ என்று வார்ன்ஸ்டார்ஃப் 1823-இல் சொன்ன விதி அது. அதில் உனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

பிறகு 7×7 கொடுத்து, மூலையை ஒட்டிய கட்டத்தில் தொடங்கச் சொன்னேன். குளித்துச் சாப்பிட்டுவிட்டு வந்தும் லேப்டாப் இரைந்துகொண்டே தேடிக்கொண்டிருந்தது. உள்ளே பார்த்தால், வேகம் போதாதென்று வேலையை நாலு பிராசஸாகப் பிரித்திருக்கிறாய்! இல்லாத விடையை நாலு பேர் தேடினால் கிடைத்துவிடுமா? குதிரை ஒவ்வொரு தாவலிலும் நிறம் மாறுகிறது. 49 கட்டத்தில் மூலையின் நிறம் 25, மற்றது 24. குறைந்த நிறத்தில் கிளம்பினால் பயணம் ஒருநாளும் முடியாது. தொடக்கத்திலேயே ஓர் இஃப் போட்டிருந்தால் தீர்ந்தது. பலகையைக் காகிதத்தில் வரைந்தாயா? வரைந்திருக்க மாட்டாய்.

உன் வயசுக்காரர்கள்மேல் எனக்குள்ள ஆத்திரமே இதுதான். கை கீபோர்டுக்குப் போன பிறகுதான் யோசனை வருகிறது. நான் கற்ற காலத்தில் பஞ்ச் கார்டுக் கட்டைச் சாயங்காலம் கவுன்டரில் கொடுத்தால் மறுநாள்தான் பிரிண்ட் அவுட் வரும். ஒரு கமா விட்டுப்போனால் இன்னொரு நாள் போச்சு. அதனால் ஹாஸ்டல் வராந்தாவில் உட்கார்ந்து ஒவ்வொரு லூப்பையும் பென்சிலால் நாங்களே ஓட்டிப் பார்ப்போம். எங்கள் செட்டில் ஒருவன் கட்டைத் தரையில் கொட்டிவிட்டு, வரிசை தெரியாமல் அழுதே விட்டான். அன்றிலிருந்து கட்டின் பக்கவாட்டில் குறுக்காக ஒரு கோடு இழுத்து வைப்போம். கலைந்தால் கோட்டைப் பார்த்து அடுக்கிவிடலாம். அது கிடக்கட்டும்.

வேதாந்த தேசிகர் பாதுகா சகஸ்ரத்தில் என்ன செய்திருக்கிறார், தெரியுமா? 32 எழுத்துள்ள ஒரு சுலோகத்தை 4×8 கட்டத்தில் நிரப்பிக் குதிரைத் தாவலில் படித்தால், அடுத்த சுலோகம் வருகிறது. 14-ஆம் நூற்றாண்டு மனிதர். ஓலையும் எழுத்தாணியும்தான்.

ஆனால் உன் சரிபார்க்கும் ஃபங்ஷன் இருக்கிறதே, அதைப் படித்துவிட்டு வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். புரோகிராமின் தேடும் பகுதியை அது நம்பவே இல்லை. விடையைத் தனியாக வாங்கி, ஒவ்வொரு தாவலும் முறைதானா, எந்தக் கட்டமாவது இரண்டு தரம் வந்ததா, விட்டுப்போனதா என்று கறாராகக் கேட்கிறது. சம்பளத்துக்கு எழுதுகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் சந்தேகபுத்தி உண்டு? அதற்காகவே, வேரியபிளுக்கு டெம்ப்2, டெம்ப்3 என்று பெயர் வைத்ததைப் பொறுத்துக்கொள்கிறேன்.

5×5 பலகையில், கிளம்பிய கட்டத்துக்கே திரும்பி வரும் சுற்று ஏன் கிடையாது? லேப்டாப்பை மூடிவிட்டு, பென்சிலால் எழுதி அனுப்பு.